கொடுத்த அன்று அவர் யார்? பள்ளி நன்கொடையாளர் டேட்டாபேஸில் மாறிக்கொண்டே இருக்கும் குழுக்கள்

மேசைக்குறிப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பள்ளியின் நன்கொடைப் பிரிவில் வேலை செய்கிறேன். நன்கொடையாளர் டேட்டாபேஸ் முழுக்க என் பொறுப்பு. பல வருடம் எக்செலில் இருந்ததை ஒழுங்கான டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டோம். ஆனால் பழைய பழக்கம் ஒன்று அப்படியே கூட வந்துவிட்டது. ஒவ்வொருவர் பதிவிலும் வரிசையாக டிக் பாக்ஸ்கள்: நடப்புப் பெற்றோர், பழைய மாணவர், அறங்காவலர், முன்னாள் ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகம், நூலக நிதிக் குழு. கல்வியாண்டு தொடங்கும்போது உட்கார்ந்து, போனவர்களுக்கு டிக்கை எடுப்போம், வந்தவர்களுக்குப் போடுவோம்.

போன வாரம் தலைமை ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். 2019இல் நூலகத்துக்குப் பணம் திரட்டினோமே, அதில் பெற்றோர் கொடுத்தது எவ்வளவு, பழைய மாணவர் கொடுத்தது எவ்வளவு? தேதி, தொகை, ரசீது எண் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. கொடுத்தவர் அன்றைக்கு யாராக இருந்தார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அன்று பெற்றோராக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இன்று அந்த டிக் கிடையாது. நாங்களே வருடா வருடம் கைப்படத் துடைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் நடந்தது, அதுதான் மனதைப் போட்டு அரிக்கிறது. வருட நடுவில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிய ஒரு தாய்க்கு, 'நம் பள்ளிப் பெற்றோருக்கு' என்று தொடங்கும் வேண்டுகோள் கடிதம் போய்விட்டது. அதுவரை தவறாமல் கொடுத்து வந்தவர். போனில் கூப்பிட்டு, "என் பிள்ளை அங்கே இல்லை என்பதுகூட உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் குழுக்களை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள்?

பழைய ரிஜிஸ்டர்:

மேடம், நானும் இதே வேலையில் நெடுநாள் இருந்தவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் கவனக்குறைவு இல்லை. டிக் பாக்ஸ் 'இப்போது ஆமா, இல்லையா' என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும். 'எப்போதிலிருந்து, எப்போது வரை' என்று கேட்டால் அதில் இடமே கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். ஆட்களுக்கு ஒரு டேபிள் இருக்கட்டும். குழுக்களுக்கு ஒரு டேபிள். இரண்டுக்கும் நடுவில் 'உறுப்பினர் காலம்' என்று மூன்றாவதாக ஒன்று. அதன் ஒவ்வொரு வரியிலும் யார், எந்தக் குழு, தொடங்கிய நாள், முடிந்த நாள். கூடவே என்ன பொறுப்பு, ஏன் முடிந்தது என்று இரண்டு ஃபீல்டுகள் வைத்தால் பின்னால் ரொம்ப உதவும்.

ஒருவர் உங்கள் பள்ளியில் 1998இல் படித்து முடித்தார், 2014இல் மகளைச் சேர்த்தார், 2020 முதல் 2023 வரை அறங்காவலராக இருந்தார், மகள் 2024இல் படித்து முடித்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வரிகள் இருக்கும். பழைய மாணவர் என்ற வரிக்கு முடிவே கிடையாது. பெற்றோர் வரி 2024இல் முடிகிறது. அறங்காவலர் வரி 2023இல். எந்த வரியையும் அழிக்கக் கூடாது, முடிவு நாளை எழுதி மூடத்தான் வேண்டும். திரும்பவும் அறங்காவலர் ஆனால் புது வரி. பழைய வரியைத் திறந்து நீட்டிவிட்டால், நடுவில் அவர் இல்லாத வருடங்களும் இருந்ததாகிவிடும்.

குவெரித்தோழன்:

ரிஜிஸ்டர் அண்ணன் சொன்னதுதான் அடிப்படை. டேட்டா வேர்ஹவுஸ், அதாவது பல வருடத் தகவல்களை ரிப்போர்ட்டுக்காகச் சேர்த்து வைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் இதை டைப் 2 என்பார்கள். பழைய மதிப்பின் மேலேயே எழுதுவது டைப் 1, புது வரி சேர்ப்பது டைப் 2.

வினவும்போது ஒன்றைக் கவனியுங்கள். தொடக்க நாள் நன்கொடைத் தேதிக்கு முன்னதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். முடிவு நாள் நன்கொடைத் தேதிக்குப் பின்னதாக இருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். அந்த 'அல்லது காலியாக' என்ற பகுதியை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் காலி மதிப்பை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது' என்று வரும், அந்த வரி சத்தமில்லாமல் விழுந்துவிடும். முடிவு நாள் காலியாக இருப்பவர்கள் யார்? இன்றைய உறுப்பினர்கள் அத்தனை பேரும். என் ரிப்போர்ட்டில் போனவர்கள் மட்டும் இருந்தார்கள், இருப்பவர்கள் ஒருவரும் இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராததால் இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

சிலர் காலியாக விடாமல் 9999 டிசம்பர் 31 என்று போடுவார்கள். வினவல் எளிதாகும், உண்மைதான். ஆனால் அந்த டேபிளை எக்செலுக்கு எடுத்துப் பார்க்கும் அலுவலக ஆட்களுக்கு அது குழப்பம். நான் காலியாகவே விடுவேன்.

முடிவு நாள் என்றால் எது என்பதையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக உறுப்பினராக இருந்த நாளா, உறுப்பினராக இல்லாத முதல் நாளா? நான் இரண்டாவதை எடுப்பேன். ஒரு காலம் முடியும் நாளும் அடுத்தது தொடங்கும் நாளும் ஒன்றாகவே இருக்கும், இடைவெளியும் விழாது, இரட்டிப்பும் வராது.

மேசைக்குறிப்பு:

நன்றி, நன்றி. புரிகிறது. ஆனால் பயமாகவும் இருக்கிறது. முடிவு நாளை யார் எழுதுவது? அறங்காவலர் என்றால் கூட்டக் குறிப்பில் தேதி இருக்கும். பெற்றோர் எப்போது பெற்றோராக இல்லாமல் போகிறார் என்று யாரும் என்னிடம் வந்து சொல்வதில்லையே. அந்தத் தாய் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

சேர்க்கைமேசை:

இங்கேதான் நான் பேச வேண்டும், ஏனென்றால் நான் மாணவர் சேர்க்கைப் பிரிவில் இருக்கிறேன். 'நடப்புப் பெற்றோர்' என்பதை நீங்கள் ஒரு குழுவாகவே வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஒருவர் பெற்றோராக இருப்பது அவர் சேர்ந்த சங்கம் இல்லை. ஒரு பிள்ளை பள்ளியில் படிக்கிறது, அந்தப் பிள்ளைக்கு இவர் தாயோ தந்தையோ காப்பாளரோ. இந்த இரண்டு உண்மைகளிலிருந்து அது தானாக வருகிறது. பிள்ளை சேர்ந்த நாளும் விலகிய நாளும் எங்கள் பிரிவில் சரியாக இருக்கும், இல்லாவிட்டால் மாற்றுச் சான்றிதழே கொடுக்க முடியாது. அந்த இரண்டு தேதிகளும் வாரம் ஒருமுறை உங்களுக்கு வந்தால் போதும். பிள்ளை விலகிய அன்றே பெற்றோர் காலம் மூடிக்கொள்ளும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒன்று போன பிறகும் மற்றது இருக்கும்வரை அவர் நடப்புப் பெற்றோர்தான். டிக் பாக்ஸை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் மூத்த பிள்ளை முடித்ததும் டிக்கை எடுத்துவிடுவோம், இளையவனை மறந்துவிடுவோம். எங்கள் பள்ளியிலும் நடந்திருக்கிறது.

இன்னொன்று, வகுப்பை எழுதி வைக்காதீர்கள். '7ஆம் வகுப்புப் பெற்றோர்' என்று எழுதினால் அடுத்த வருடமே அது பொய். படித்து முடிக்கவிருக்கும் ஆண்டை வையுங்கள், வகுப்பை அதிலிருந்து கணக்கிடலாம். ஒரு மாணவர் அதே வகுப்பில் மறுபடி படித்தால் அந்த ஆண்டை மட்டும் திருத்தினால் போதும்.

பிரிந்து வாழும் பெற்றோர், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, பெற்றோர் இறந்து காப்பாளர் மாறிய பிள்ளை, இவையெல்லாம் வரும். அதனால் பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையிலான உறவு வரிக்கும் தொடக்கம், முடிவு இரண்டும் தேவை. இதில் தவறினால் வலி எண்களில் இல்லை, கடிதத்தைப் பிரிப்பவருக்குத்தான்.

நிதிரிப்போர்ட்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாப் பள்ளியிலும் டேட்டாபேஸ் தெரிந்தவர் இருப்பதில்லை. எங்கள் முறை மிக எளிது. நன்கொடையைப் பதியும்போதே அந்த வரியில் 'கொடுத்தபோது: பெற்றோர்' என்று எழுதிவிடுவோம். பிறகு அவர் எந்தக் குழுவுக்குப் போனாலும் எங்களுக்குக் கவலை இல்லை. தலைமை ஆசிரியர் கேட்டதற்கு ஒரே நிமிடத்தில் பதில் வரும். வருட முடிவில் முழுப் பட்டியலையும் ஒரு நகல் எடுத்து வைப்போம். இதற்கு ஏன் இத்தனை டேபிள்?

குவெரித்தோழன்:

நன்கொடை வரியில் முத்திரை போடுவதை நான் எதிர்க்கவில்லை சார். ஆனால் அது மட்டும் இருந்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது, கொடுத்தவர்களைப் பற்றி மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். 2019இல் பெற்றோரில் எத்தனை பங்கினர் கொடுத்தார்கள் என்று கேட்டால், கொடுக்காத பெற்றோரையும் எண்ண வேண்டும். அவர்கள் மேல் முத்திரை எங்கே இருக்கிறது? வருட முடிவு நகலில் இருப்பார்கள் என்பீர்கள். வருட நடுவில் வந்து அந்த வருடமே போனவர் நகலிலும் இருக்க மாட்டார்.

இரண்டாவது, முத்திரை தவறாக விழுந்தால்? பிள்ளை மார்ச்சிலேயே விலகியது உங்களுக்கு மே மாதம்தான் தெரிய வருகிறது. ஏப்ரலில் அவர் கொடுத்ததில் 'பெற்றோர்' என்று விழுந்திருக்கும்.

நிதிரிப்போர்ட்:

தவறாக விழுந்தாலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆண்டறிக்கையில் 'பெற்றோர் பங்கு இவ்வளவு' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து ஓர் அறங்காவலர் அதே கணக்கைக் கேட்கிறார். உங்கள் முறையில் அன்றைக்குத் திருத்திய தேதிகளை வைத்துக் கணக்கிட்டு வேறு ஓர் எண் வரும். அச்சில் ஒன்று, திரையில் ஒன்று. எது சரி என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்ல? பணம் கொடுத்தவர்கள் நம்மை நம்புவது இந்த எண்களை வைத்துத்தான்.

பழைய ரிஜிஸ்டர்:

இது நல்ல வாதம், இதைச் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு காலங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, நிஜத்தில் அது நடந்த நாள். பிள்ளை மார்ச்சில் போனது. இன்னொன்று, நமக்குத் தெரிந்து நாம் எழுதிய நாள், அது மே. 'ஏப்ரலில் அவர் பெற்றோரா' என்றால் இல்லை. 'ஏப்ரலில் நாம் அவரைப் பெற்றோர் என்று நினைத்திருந்தோமா' என்றால் ஆமாம். இரண்டும் உண்மையான பதில்கள். ஆண்டறிக்கை எண் இரண்டாவது கேள்விக்கான பதில், அன்று நமக்குத் தெரிந்தபடி அது சரியானது.

அதனால் உறுப்பினர் காலம் டேபிளில் தொடக்கம், முடிவு என்ற இரண்டும் நிஜ நாட்கள். இவற்றோடு, அந்த வரி எப்போது எழுதப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது, முன்பு என்ன இருந்தது என்ற வரலாறும் வேண்டும். இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. எஸ்க்யூஎல் தரத்தில் 2011லேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 2016 பதிப்பிலிருந்தும், மரியாடிபி என்ற மென்பொருளின் 10.3 பதிப்பிலிருந்தும் டேபிளுக்கு வரலாறு வைக்கச் சொன்னால் தானாக வைத்துக்கொள்ளும். 'போன டிசம்பர் 31 அன்று இந்த டேபிள் எப்படி இருந்தது' என்று அப்படியே கேட்கலாம்.

அது முடியாத சிறிய பள்ளிக்கு நிதிரிப்போர்ட் சாரின் வழியையே சொல்வேன். அச்சுக்குப் போன அன்று அந்த ரிப்போர்ட்டின் வரிகளை அப்படியே உறையவைத்துத் தேதியுடன் சேமியுங்கள். ஆனால் அன்றாட உண்மைக்கு உறுப்பினர் காலம் டேபிள்தான். முத்திரை அதிலிருந்து விழட்டும், பதிபவர் ஊகித்துப் போடக் கூடாது.

நிதிரிப்போர்ட்:

முத்திரையை டேபிளே போட்டுக் கொடுக்கும் என்றால் எனக்குச் சம்மதம். எங்கள் பள்ளியில் இதுவரை பதிபவர்தான் ஊகித்துக்கொண்டிருந்தார், அதை மறைக்க விரும்பவில்லை.

நிரல்நிலா:

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கம், முடிவு என்று தனித்தனியாக வைக்காமல் தேதி வீச்சு என்ற ஒரே ஃபீல்டாக வைக்கலாம், 9.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒரே ஆளுக்கு ஒரே குழுவில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு காலங்கள் விழாமல் டேட்டாபேஸே தடுக்கும்படியும் சொல்லலாம். முன்பு அதற்குத் தனியாக ஒரு விலக்கு விதி எழுத வேண்டியிருந்தது, 2025இல் வந்த 18ஆம் பதிப்பில், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியிலேயே அதைச் சொல்லிவிடலாம். பலர் கை வைக்கும் இடத்தில் இந்தப் பூட்டு கட்டாயம் வேண்டும்.

தன்னார்வலர்:

எங்களிடம் சிவிசிஆர்எம் என்ற நன்கொடையாளர் மென்பொருள் இருக்கிறது. அதிலேயே குழுக்கள் உண்டே, அதை வைத்துக்கொண்டால் போதாதா?

பழைய ரிஜிஸ்டர்:

ஓரளவு போதும் தம்பி. அதில் ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்தால் வரி அழியாது, 'நீக்கப்பட்டவர்' என்று மாறி, எப்போது நடந்தது என்பதும் பதிவாகும். ஆனால் அது நீங்கள் பொத்தானை அழுத்திய நாள், அவர் நிஜத்தில் விலகிய நாள் இல்லை. விதிகளை வைத்துத் தானாக நிரம்பும் ஸ்மார்ட் குழு இன்னும் மறதிக்காரர். இன்று விதிக்குப் பொருந்துபவர் யார் என்று சொல்லும், போன வருடம் யார் பொருந்தினார் என்று அதற்கு நினைவிருக்காது. அதே மென்பொருளில் 'உறவு' என்ற வசதிக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. அறங்காவலர், கழகப் பொறுப்பாளர் போன்றவர்களை அதில் வையுங்கள். ரெய்சர்ஸ் எட்ஜ் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்கள், ஒருவர் எந்த வகை என்று சொல்லும் அதன் வகைக் குறியீட்டிலேயே இரண்டு தேதிகளையும் போடலாம், பலர் அந்த ஃபீல்டைக் காலியாகவே விட்டிருப்பார்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருளில், ஒரு ஃபீல்டு எப்போது மாறியது என்று காட்டும் ஃபீல்டு வரலாற்றை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரணமாக 18 மாதம்தான் திரையில் பார்க்க முடியும், நீங்கள் கேட்பதோ பல வருடக் கணக்கு.

சேர்க்கைமேசை:

யாரும் சொல்லாத ஒன்று. குழுக்களும் பிறக்கும், சாகும். 'நூலக நிதிக் குழு' வேலை முடிந்து கலைந்திருக்கும், இல்லை 'கல்வி உதவிக் குழு'வோடு சேர்ந்திருக்கும். அப்போது பழைய குழுவின் பெயரை மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் 2019இல் நூலகத்துக்காக ஓடியவர்கள் எல்லோரும் கல்வி உதவிக்காக ஓடியதாக ஆகிவிடும். குழுவுக்கும் முடிவு நாள் போட்டு, புதுக் குழுவைத் தனியாகத் திறந்து, எதிலிருந்து எது வந்தது என்று ஒரு குறிப்பு வையுங்கள்.

இரட்டைப் பதிவுகளையும் பாருங்கள். பள்ளியில் படித்தபோது ஒரு பெயர், பிள்ளையைச் சேர்க்கும்போது வேறு முதலெழுத்து, இப்படி ஒரே பெண் இரண்டு ஆளாக இருப்பார். இணைக்கும்போது இரண்டு பதிவின் காலங்களும் ஒரே ஆளுக்கு வந்து சேர வேண்டும். புதியதை வைத்துக்கொண்டு பழையதை அழித்தால் அவர் நம் பழைய மாணவி என்பதே போய்விடும்.

நிதிரிப்போர்ட்:

கூட்டுத்தொகையில் ஓர் எச்சரிக்கை. ஒருவர் ஒரே நாளில் பழைய மாணவர், பெற்றோர், அறங்காவலர் மூன்றுமாக இருக்கலாம். நன்கொடை டேபிளை உறுப்பினர் காலத்தோடு இணைத்துக் கூட்டினால் அவர் கொடுத்தது மூன்று முறை எண்ணப்படும். எந்த அடையாளம் முன்னுரிமை என்று பள்ளி ஒருமுறை முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். அந்த வரிசையை நடுவில் மாற்றினால் அதற்கும் தேதி வேண்டும்.

போன வருடம் கொடுத்து இந்த வருடம் கொடுக்காதவர்கள் பட்டியலையும் இனிமேல் வேறு மாதிரி எடுக்கப் போகிறேன். போன வருடம் பெற்றோராக இருந்து கொடுத்தவர், இப்போது பிள்ளை படித்து முடித்து வெளியே போனவர் என்றால் அவருக்கு நினைவூட்டல் கடிதம் சரியில்லை. நன்றிக் கடிதம்தான் முதலில் போக வேண்டும்.

மேசைக்குறிப்பு:

பழைய தேதிகளுக்கு என்ன செய்வது? '80களில் படித்தவர்' என்று மட்டும் எழுதிய அட்டைகள் நிறைய இருக்கின்றன. ஜனவரி 1 என்று போட்டு வைக்கவா?

பழைய ரிஜிஸ்டர்:

வேண்டவே வேண்டாம். ஜனவரி 1 என்று போட்ட அடுத்த மாதமே அது உண்மையான தேதியா நிரப்பிய தேதியா என்று உங்களுக்கே தெரியாது. தேதியோடு 'துல்லியம்' என்று ஒரு ஃபீல்டு வையுங்கள்: நாள், மாதம், ஆண்டு, பத்தாண்டு, ஊகம். தேதி எழுதும் முறைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 8601, அதன் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பகுதியில் இதற்கென்றே ஓர் எழுத்துமுறை இருக்கிறது. 80கள் என்றால் 198 எழுதிக் கடைசி இலக்கத்தின் இடத்தில் எக்ஸ் போடுவார்கள், தோராயம் என்றால் ஆண்டுக்குப் பின்னால் ஓர் அலைக்குறி. உங்கள் மென்பொருள் அதை ஏற்காவிட்டாலும் அந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

'தொடர்பு கொள்ள வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அதை எந்தக் குழுவோடும் கட்டாதீர்கள், ஆளோடு கட்டுங்கள். குழு வரியில் எழுதி வைத்தால் அந்தக் காலம் மூடியதும் அவர் சொன்ன சொல்லும் மூடிவிடும். மறைவுச் செய்தியும் அப்படித்தான், ஒரே இடத்தில் எழுதினால் எல்லாக் காலங்களும் அந்த நாளோடு மூட வேண்டும்.

மேசைக்குறிப்பு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். உறுப்பினர் காலம் டேபிள் போட்டாயிற்று. சேர்க்கைப் பிரிவிலிருந்து திங்கள்தோறும் சேர்ந்தவர், விலகியவர் பட்டியல் வருகிறது, கேட்டதும் கொடுத்தார்கள். இத்தனை வருடம் நாங்கள் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

2019 கணக்கை மாணவர் சேர்க்கைத் தேதிகளை வைத்துப் பின்னோக்கிக் கட்டினேன். பெரும்பாலானவர்கள் தெளிவாக வந்துவிட்டார்கள். பெற்றோராகவும் பழைய மாணவராகவும் இருந்தவர்களைப் பற்றி மட்டும் தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அன்று பிள்ளை பள்ளியில் இருந்தால் பெற்றோர் என்றே எண்ணுவோம் என்றார், தேதி போட்டு எழுதி வைத்துவிட்டேன். டிக் பாக்ஸ்களைத் திரையிலிருந்து எடுத்துவிட்டோம். பழைய டேபிளை மட்டும் அழிக்காமல், யாரும் திருத்த முடியாதபடி பூட்டி ஓரமாக வைத்திருக்கிறேன்.

அந்தத் தாய்க்குக் கடிதம் எழுதினேன், அச்சடித்த படிவம் இல்லை, கையால். அவருடைய காலத்தை அவர் பிள்ளை விலகிய நாளோடு மூடியபோது பழைய வரிகள் எல்லாம் ஒரே திரையில் தெரிந்தன. ஆறு வருடம், ஒரு வருடம்கூட விடாமல் கொடுத்திருக்கிறார். அதைத்தான் கடிதத்தின் முதல் வரியில் எழுதினேன்.

80களின் அட்டைகள் இன்னும் மேசை மேல் இருக்கின்றன. ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர் சனிக்கிழமை வந்து, வகுப்புப் புகைப்படங்களைப் பார்த்து ஆண்டைச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் சொல்வதை ஆண்டு என்று போடுவதா, ஊகம் என்று போடுவதா?

பழைய ரிஜிஸ்டர்:

புகைப்படத்தின் கீழே ஆண்டு அச்சாகி இருந்தால் ஆண்டு. முகத்தைப் பார்த்துச் சொன்னால் ஊகம். எந்தப் புகைப்படம் என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள் மேடம்.